பட்டை நிறம் மாறினால் போதுமா?
படுக்கையோரச் சிறுநீர்ச் சோதனையின் நம்பகம் பற்றிய ஒரு மதிப்பீடு

மருத்துவமனை வார்டில் நடக்கும் சோதனைகளில் சிறுநீர்ப் பட்டைச் சோதனை அளவுக்கு மலிவானதும் வேகமானதும் சிலவே. மெல்லிய பிளாஸ்டிக் பட்டை ஒன்றில் பத்துச் சிறு சதுரங்கள். சிறுநீரில் ஒரு கணம் நனைத்தெடுத்து, புட்டியின் மேல் அச்சிட்ட நிற வரிசையோடு ஒப்பிட்டால் இரண்டு நிமிடத்துக்குள் சர்க்கரை, ஆல்புமின், இரத்தம், கீட்டோன், நைட்ரைட், வெள்ளையணு எல்லாம் கேஸ் ஷீட்டில் ஏறிவிடும். ஆய்வகத்துக்கு ஆள் அனுப்ப வேண்டாம். ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்கவும் வேண்டாம். இப்படிச் சுலபமாகக் கிடைக்கும் விடையை யாரும் குறுக்குக் கேள்வி கேட்பதில்லை என்பதுதான் சிக்கல். "யூரின்ல இன்ஃபெக்‌ஷன் இருக்கு" என்று காலையில் ஒருவர் சொல்லிவிட்டால், அடுத்த சில நாள் சிகிச்சை அந்தச் சொல்லின் பின்னாலேயே போகிறது.

பட்டை எங்கெங்கே ஏமாற்றுகிறது, ஏன் ஏமாற்றுகிறது என்பதை இக்கட்டுரை தொகுத்துப் பார்க்கிறது. வேதியியல் பிழைகள் பல உண்டு. அவற்றைப் பெரும்பாலும் முன்கூட்டியே அறிந்து தவிர்க்கலாம். கேள்வி எதுவும் இல்லாமல் சோதித்துவிட்டு, தோன்றிய நிறத்துக்கு ஒரு நோயின் பெயரைச் சூட்டும் வழக்கமே நோயாளிக்கு அதிகக் கேடு செய்கிறது.

கொதிகுழாயிலிருந்து பட்டைக்கு

1908-இல் அமெரிக்க வேதியியலாளர் ஸ்டான்லி பெனடிக்ட், சிறுநீரில் சர்க்கரையைக் கண்டறியச் செம்பு உப்புக் கரைசல் ஒன்றை வெளியிட்டார். 5 மில்லி கரைசலில் 8 சொட்டுச் சிறுநீர் விட்டுக் கொதிக்கவைத்தால், சர்க்கரையின் அளவுக்கேற்ப நீலம் பச்சையாகும், மஞ்சளாகும், கடைசியில் செங்கல் நிறமாகும். பல தலைமுறை மருத்துவ மாணவர்கள் கையில் குழாயைப் பிடித்துச் செய்த சோதனை அது. 1956-இல் இண்டியானா மாநிலத்தின் எல்க்கார்ட் நகரில், மைல்ஸ் நிறுவனத்தில் பணியாற்றிய ஹெலன் ஃப்ரீ, ஆல்ஃபிரட் ஃப்ரீ தம்பதியின் உழைப்பில் நனைத்துப் பார்க்கும் சர்க்கரைப் பட்டை சந்தைக்கு வந்தது. அடுப்பும் குழாயும் தேவையற்றுப் போயின.

இரண்டுக்கும் அடிப்படை வேறு. பெனடிக்ட் கரைசல் செம்பை ஒடுக்கும் எந்தப் பொருளுக்கும் நிறம் மாறும். சர்க்கரையா வேறொன்றா என்று பிரித்தறியாது. பட்டையில் இருப்பது குளுக்கோஸை மட்டும் தாக்கும் நொதி. அந்த வினையில் ஹைட்ரஜன் பெராக்சைடு பிறக்கிறது. அது ஒரு சாயத்தை ஆக்சிஜனேற்றம் செய்து நிறம் தருகிறது. இந்த வேறுபாட்டால் வைட்டமின் சி இரண்டு சோதனைகளையும் எதிரெதிர்த் திசையில் ஏமாற்றுகிறது. அது செம்பை ஒடுக்குவதால் பெனடிக்ட் சோதனையில் இல்லாத சர்க்கரையை இருப்பதாகக் காட்டும். பட்டையிலோ சாயத்துக்குப் போக வேண்டிய பெராக்சைடைத் தானே தின்றுவிடுவதால் இருக்கும் சர்க்கரையை மறைக்கும். கேலக்டோசீமியா என்ற பிறவிக் குறைபாடுள்ள பச்சிளங்குழந்தையின் சிறுநீரில் கேலக்டோஸ் வெளியேறும். பழைய சோதனை அதைக் காட்டிக்கொடுத்துவிடும், நவீனப் பட்டை "சர்க்கரை இல்லை" என்றே சொல்லும். எந்தச் சோதனையும் தான் பார்க்கும் பொருளைத்தான் பார்க்கிறது. நாம் பார்க்க விரும்புவது வேறாக இருந்தால் விடை சரியாக வந்தும் முடிவு பிழையாகும்.

நனைப்பதற்கு முன்பே நடக்கும் பிழைகள்

பட்டையைக் குறை சொல்லுமுன் புட்டியைப் பார்க்க வேண்டும். சதுரங்களில் உள்ள வினைப்பொருள்கள் ஈரத்தையும் வெளிச்சத்தையும் தாங்கா. அதனால்தான் மூடியில் ஈரம் உறிஞ்சும் பொருள் வைக்கப்படுகிறது. வார்டில் நடப்பது வேறு: மூடி நாள் முழுக்கத் திறந்திருக்கும், ஈரக் கை உள்ளே போகும், ஐம்பது பட்டையை எண்ணி வேறு டப்பாவில் போட்டுப் பக்கத்து வார்டுக்குக் கொடுப்பார்கள். சென்னை, தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களின் ஈரக்காற்றில் பட்டை இன்னும் விரைவாகக் கெடும். காற்றுப்பட்ட பட்டையில் நைட்ரைட் சதுரம் கிருமியே இல்லாமலும் இளஞ்சிவப்பாகலாம். நொதிச் சதுரங்கள் உணர்வு மழுங்கிவிடும். புட்டியில் அச்சிட்ட காலாவதித் தேதி மூடி திறக்காத புட்டிக்கு உரியது என்பதும் பலருக்கு நினைவில் இருப்பதில்லை.

அடுத்தது மாதிரி. வீட்டிலிருந்து கொண்டுவந்த பழரசப் புட்டியில் சிறுநீர் பிடித்தால் ஒட்டியிருந்த சர்க்கரை பேசும். பிளீச்சிங் கரைசலில் கழுவிச் சரியாக அலசாத கலனில் எஞ்சும் ஹைப்போகுளோரைட் சர்க்கரைச் சதுரத்தையும் இரத்தச் சதுரத்தையும் நிறம் மாற்றும். துடைக்கப் பயன்படும் போவிடோன் அயோடின் இரத்தத்தைப் பொய்யாகக் காட்டலாம்; குளோர்ஹெக்ஸிடின் புரதத்தைப் பொய்யாகக் காட்டலாம். சுத்தம் செய்யப் போட்ட மருந்தே நோயாகப் பதிவாகிவிடுகிறது. பெண்களில் மாதவிடாய் இரத்தமும் வெள்ளைப்படுதலும் கலந்தால் இரத்தம், புரதம், வெள்ளையணு மூன்றும் சேர்ந்தே நிறம் காட்டும். சிறுநீர்ப்பைக்கு அதில் பங்கே இருக்காது.

பிடித்த சிறுநீரை மேசை மேல் வைத்துவிட்டு ரவுண்ட்ஸ் முடிந்தபின் நனைப்பதும் வழக்கம். அறை வெப்பத்தில் கிருமிகள் பெருகுகின்றன. இருந்த குளுக்கோஸைத் தின்கின்றன, இல்லாத நைட்ரைட்டை உண்டாக்குகின்றன, சிறுநீரைக் காரமாக்குகின்றன. வெளிச்சத்தில் பிலிருபின் சிதைகிறது. அணுக்கள் வெடிக்கின்றன. வெளிவந்த ஒரு மணி நேரத்துக்குள் சோதிக்க முடியாவிட்டால் குளிர்பெட்டியில் வைத்து, பிறகு அறை வெப்பத்துக்குக் கொண்டுவந்து சோதிக்க வேண்டும்.

வாசிக்கும் நேரமும் முக்கியம். பரவலாகப் புழங்கும் பத்துச் சதுரப் பட்டையில் சர்க்கரையை 30 நொடியில் படிக்க வேண்டும். கீட்டோன் 40 நொடி. இரத்தம், புரதம், நைட்ரைட் 60 நொடி. வெள்ளையணுவுக்கு இரண்டு நிமிடம். எல்லாவற்றையும் ஒரே பார்வையில் படித்தால் முதல் சதுரம் தாமதமாகவும் கடைசிச் சதுரம் அவசரமாகவும் படிக்கப்படும். நனைத்த பட்டையைச் செங்குத்தாகப் பிடித்தால் புரதச் சதுரத்தின் அமிலம் பக்கத்துச் சதுரத்தில் வழிந்து, அமில-கார அளவைக் குறைத்துக் காட்டும். இரவுப் பணியில், மங்கிய விளக்கில், ஒரு பிளஸ்ஸா இரண்டு பிளஸ்ஸா என்று முடிவெடுப்பது வாசிப்பவரின் கண்ணைப் பொறுத்தது. பட்டையைப் படிக்கும் சிறு கருவிகள் நேரத்தையும் கண்ணையும் சீர்படுத்துகின்றன. ஆனால் கெட்ட மாதிரியைக் கருவி நல்லதாக்காது.

நோயாளியே மாற்றிவிடும் விடைகள்

வெளியே நடமாடும் மனிதரின் சிறுநீரும் வார்டில் படுத்திருப்பவரின் சிறுநீரும் ஒன்றல்ல. டிரிப், சிறுநீர் பெருக்கும் மருந்து, பட்டினி, கதீட்டர், பத்துவித ஊசி மருந்துகள் எல்லாம் அதில் கலந்திருக்கின்றன.

புரதத்தை எடுத்துக்கொள்வோம். பட்டை அளப்பது ஒரு டெசிலிட்டரில் எத்தனை மில்லிகிராம் என்ற செறிவை. நாள் முழுக்க எவ்வளவு வெளியேறியது என்பதை அதனால் சொல்ல முடியாது. ஒருவருக்கு நாளொன்றுக்கு 600 மில்லிகிராம் புரதம் வெளியேறுகிறது என்று கொள்வோம். அவர் அரை லிட்டர் சிறுநீர் கழித்தால் செறிவு 120. பட்டையில் இரண்டு பிளஸ். ஒரு லிட்டர் என்றால் 60, ஒரு பிளஸ். டிரிப் ஏறி நான்கு லிட்டர் கழித்தால் 15. வெறும் சாயல் அல்லது "இல்லை". சிறுநீரகத்தின் நிலை மூன்று நாளும் ஒன்றே. பதிவேட்டில் நோய் குணமாகிக்கொண்டிருக்கும். சிறுநீர் மிகவும் காரமாக இருந்தால் புரதம் இல்லாமலே சதுரம் பச்சையாகும். மறுபக்கம், சர்க்கரை நோயில் சிறுநீரகம் முதன்முதலில் கசியவிடும் சிறு அளவு ஆல்புமின் சாதாரணப் பட்டைக்கு எட்டாது. அதற்கு ஆல்புமின்-கிரியாட்டினின் விகிதமே வேண்டும்.

பட்டையின் புரதச் சதுரம் முக்கியமாக ஆல்புமினுக்கே இணங்கும். மைலோமா என்ற எலும்பு மச்சைப் புற்றில் வெளியேறும் பென்ஸ் ஜோன்ஸ் புரதத்தை அது பெரும்பாலும் கண்டுகொள்ளாது. 1845-இல் இலண்டனில் ஒரு நோயாளியின் சிறுநீரைச் சூடாக்கியபோது, படிந்த பொருள் மேலும் சூடேறியதும் கரைந்து மறைந்ததை மருத்துவர்கள் கவனித்தனர். அதை ஆராய்ந்தவர் ஹென்றி பென்ஸ் ஜோன்ஸ். சூடாக்கிப் பார்க்கும் பழைய முறையில் அகப்பட்ட ஒன்று பட்டை முறையில் நழுவுகிறது. முதுகுவலியும் இரத்தசோகையும் சிறுநீரகக் கோளாறும் சேர்ந்த முதியவருக்குப் பட்டை "ஆல்புமின் இல்லை" என்றால், அத்துடன் புரதத்தின் கதை முடிந்துவிடவில்லை.

இரத்தச் சதுரம் சிவப்பணுவைப் பார்ப்பதில்லை. ஹீம் என்ற இரும்புக்கூறின் வினையைப் பார்க்கிறது. உடைந்த சிவப்பணுவின் ஹீமோகுளோபினும், சிதைந்த தசையின் மயோகுளோபினும் அதற்கு ஒன்றே. 1941-இல், இலண்டன் குண்டுவீச்சில் இடிபாடுகளில் நசுங்கியவர்களுக்குச் சிறுநீரகம் செயலிழப்பதை எரிக் பைவாட்டர்ஸும் டெஸ்மண்ட் பீலும் விவரித்தார்கள். நசுங்கிய தசையிலிருந்து வந்த நிறமிக்கும் அந்தச் செயலிழப்புக்கும் உள்ள தொடர்பு அதன் வழியே துலங்கியது. விபத்தில் நசுங்கியவர், நெடுநேரம் வலிப்பு வந்தவர், கடற்பாம்பு கடித்த மீனவர் ஆகியோரின் பட்டையில் இரத்தம் மூன்று பிளஸ் இருந்து, நுண்ணோக்கியில் சிவப்பணு இல்லையென்றால் தசையைத்தான் முதலில் நினைக்க வேண்டும். அங்கே பட்டை தந்த "தவறான" விடை உயிர்காக்கும் துப்பாகிறது. ஆனால் நுண்ணோக்கியில் பார்த்தவருக்கு மட்டுமே அது துப்பு. நீர்த்த சிறுநீரில் சிவப்பணுக்கள் வெடித்துவிடுவதாலும் இதே முரண் வரலாம் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். அமெரிக்கச் சிறுநீரியல் சங்கத்தின் 2020 நெறிமுறை, பட்டையில் இரத்தம் தெரிந்தது என்பதை மட்டும் வைத்து நோயென்று வரையறுப்பதில்லை. நுண்ணோக்கிப் புலமொன்றில் 3 சிவப்பணுவாவது தென்பட வேண்டும் என்கிறது.

சர்க்கரை, கீட்டோன்: புதிய மருந்துகள் கலைத்த பழைய கணக்கு

ஒரு காலத்தில் சிறுநீர்ச் சர்க்கரையின் பிளஸ்ஸை எண்ணி இன்சுலின் யூனிட்டை முடிவு செய்தார்கள். இரத்தச் சர்க்கரை ஏறத்தாழ 180 மில்லிகிராமைத் தாண்டினால்தான் சிறுநீரில் வழியும். சிறுநீர்ப்பையில் இருப்பதோ சில மணி நேரத்துக்கு முந்தைய நிலவரம். சர்க்கரை தாழ்ந்து மயங்கியவரின் சிறுநீரிலும் இரண்டு பிளஸ் இருக்கலாம். குளுக்கோமீட்டர் வந்தபின் அந்த வழக்கம் ஒழிந்தது நல்லதாயிற்று.

இப்போது வேறொரு குழப்பம். டாபாக்ளிஃப்ளோசின், எம்பாக்ளிஃப்ளோசின் போன்ற மருந்துகள் சர்க்கரையைச் சிறுநீர் வழியே வெளியேற்றியே வேலை செய்கின்றன. டாபாக்ளிஃப்ளோசினின் காப்புரிமை 2020-இல் இந்தியாவில் முடிந்து விலை இறங்கியபின் அது பரவலாகிவிட்டது. இதயச் செயலிழப்புக்கும் நாள்பட்ட சிறுநீரக நோய்க்கும் கொடுக்கப்படுவதால், சர்க்கரை நோயே இல்லாதவரின் பட்டையும் கருத்துப்போகும். மருந்துச் சீட்டைப் பார்க்காமல் பட்டையைப் பார்த்தவர், அவருக்குச் சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லை என்று நினைப்பார்; உண்மையில் மருந்து ஒழுங்காக வேலை செய்கிறது.

இதே மருந்துகள் இன்னொரு பொறியையும் வைக்கின்றன. இரத்தச் சர்க்கரை பெரிதாக ஏறாமலே கீட்டோன் அமிலம் மிகுந்து உயிருக்கு ஆபத்தாகலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2015-இல் எச்சரித்தது. பட்டையின் கீட்டோன் சதுரம் அசிட்டோஅசிடேட்டை மட்டுமே காண்கிறது. கடும் நிலையில் மிகுந்து நிற்கும் பீட்டா-ஹைட்ராக்சிபியூட்டிரேட் அதன் கண்ணில் படாது. அதனால் மோசமான நோயாளிக்கு ஒரு பிளஸ் வரலாம். சிகிச்சையில் உடல் தேறும்போது பீட்டா-ஹைட்ராக்சிபியூட்டிரேட் அசிட்டோஅசிடேட்டாக மாறுவதால் பட்டை மூன்று பிளஸ்ஸுக்கு ஏறலாம். நோயாளி தேறுகிறார், பட்டை பயமுறுத்துகிறது. போதாக்குறைக்கு, பாராசிட்டமால் நச்சுக்குத் தரும் அசிட்டைல்சிஸ்டீனும், புற்று மருந்தோடு தரும் மெஸ்னாவும் கீட்டோனே இல்லாமல் சதுரத்தை நிறம் மாற்ற வல்லவை. இரத்தத்தில் கீட்டோன் பார்க்கும் வசதி உள்ள இடத்தில் சிறுநீர்ப் பட்டையை நம்பிச் சிகிச்சையை நடத்தக் காரணமே இல்லை.

வைட்டமின் சி இங்கும் வருகிறது. கொரோனாக் காலத்தில் வீட்டுக்கு வீடு சப்பிய அந்த மாத்திரையைப் பலர் இன்னும் விடவில்லை. மிகுதியாகச் சாப்பிட்டவரின் சிறுநீரில் அது இரத்தம், சர்க்கரை, நைட்ரைட், பிலிருபின் சதுரங்களை மழுங்கடிக்கும். சில தயாரிப்புகளில் இரத்தச் சதுரத்தைக் காக்க அயோடேட் சேர்க்கிறார்கள். எல்லாப் பட்டைக்கும் அந்தக் காப்பு இல்லை. காசநோய்க்கு ரிஃபாம்பிசின் சாப்பிடுபவரின் ஆரஞ்சு நிறச் சிறுநீரிலோ எல்லாச் சதுரமும் ஒரு சாயலேறித் தெரியும். படிக்க முனைவதே வீண்.

தொற்று: அதிக விலை கொடுக்கும் பிழை

மேலே சொன்னவற்றில் பெரும்பாலானவை ஒரு நாளில் திருத்தக்கூடியவை. தொற்று பற்றிய பிழை அப்படியல்ல.

இரண்டு சதுரங்கள் இங்கே பேசுகின்றன. நைட்ரைட் சதுரம், சிறுநீரின் நைட்ரேட்டைக் கிருமி மாற்றியிருக்கிறதா என்று பார்க்கிறது. அதற்குச் சிறுநீர் ஏறத்தாழ நான்கு மணி நேரம் பையில் தங்கியிருக்க வேண்டும்; அடிக்கடி கழிப்பவருக்கும் கதீட்டர் வழியே ஓடிக்கொண்டே இருப்பவருக்கும் அந்த அவகாசமே இல்லை. என்டரோகாக்கஸ் போன்ற கிருமிகள் இந்த மாற்றத்தைச் செய்வதே கிடையாது. வெள்ளையணுச் சதுரம் அவ்வணுக்களின் நொதியைப் பார்க்கிறது. கீமோதெரபியில் வெள்ளையணு வற்றியவருக்குக் கடும் தொற்றிலும் அது வெறுமையாக இருக்கும். மிகுந்த சர்க்கரையும் செஃபலெக்சின், டெட்ராசைக்ளின் போன்ற மருந்துகளும் அதை அடக்கும். இமிபெனம், மெரோபெனம், கிளாவுலானிக் அமிலம் சில தயாரிப்புகளில் அதைப் பொய்யாகத் தூண்டும்.

இவை எல்லாம் சரியாக இருந்து, இரண்டு சதுரமும் நேர்மையாக நிறம் மாறினாலும் பெரிய கேள்வி நிற்கிறது. கிருமி இருக்கிறது, வெள்ளையணு இருக்கிறது, நோய் இருக்கிறதா? நீண்டகாலப் பராமரிப்பு இல்லங்களில் உள்ள மூதாட்டிகளில் 25 முதல் 50 விழுக்காட்டினருக்கும், முதிய ஆண்களில் 15 முதல் 40 விழுக்காட்டினருக்கும் எந்தத் தொந்தரவும் இல்லாமலே சிறுநீரில் கிருமி இருக்கிறது. கதீட்டர் போட்டவருக்கு நாளொன்றுக்கு 3 முதல் 8 விழுக்காடு வீதம் கிருமி குடியேறும். ஒரு மாதம் கழிந்தால் ஏறக்குறைய எல்லாருக்குமே. குழாயின் உறுத்தலாலேயே வெள்ளையணுவும் வரும். இவர்களிடம் பட்டையை நனைப்பது முன்பே தெரிந்த விடையைத் திரும்பக் கேட்பது.

ஓர் எண்ணிக்கைக்காக இப்படிக் கொள்வோம். படுக்கையில் உள்ள 100 மூதாட்டிகளில் 40 பேருக்கு நோயில்லாக் கிருமி; 5 பேருக்கு உண்மையான தொற்று. கிருமி உள்ளவர்களில் பத்துக்கு எட்டுப் பேரைப் பட்டை பிடிக்கிறது. நிறம் மாறியவர்கள் 36 பேர். அவர்களில் மருந்து தேவைப்பட்டவர்கள் 4 பேர். மீதி 32 பேரும் ஆன்டிபயாடிக் வாங்கிக்கொள்வார்கள்.

அந்த 32 பேருக்கு நேர்வது வீண் மருந்தோடு முடிவதில்லை. பாட்டி நேற்றிலிருந்து ஏறுமாறாகப் பேசுகிறார், சாப்பிட மறுக்கிறார். பட்டையில் நைட்ரைட். "யூரின் இன்ஃபெக்‌ஷன்தான்" என்றதும் குடும்பமும் நிம்மதியடைகிறது, மருத்துவரும் தேடுவதை நிறுத்துகிறார். சோடியம் குறைந்திருக்கலாம், மலச்சிக்கலாக இருக்கலாம், புதிதாகச் சேர்த்த தூக்க மாத்திரையாக இருக்கலாம், நிமோனியாவாக இருக்கலாம், விழுந்ததில் தலைக்குள் கசிவாக இருக்கலாம். உண்மையான காரணம் பட்டையின் பின்னால் ஒளிந்துகொள்கிறது. அமெரிக்கத் தொற்றுநோய்ச் சங்கத்தின் 2019 நெறிமுறை இதை நேரடியாகவே பேசுகிறது: முதியவருக்கு மனக்குழப்பமும் சிறுநீரில் கிருமியும் இருந்து, சிறுநீர்த் தொந்தரவோ காய்ச்சல் முதலிய பொதுக் குறிகளோ இல்லையென்றால், ஆன்டிபயாடிக் தொடங்குவதைவிட மற்றக் காரணங்களைத் தேடிக் கவனமாகப் பார்த்திருப்பதே மேல். பிரிட்டனின் நைஸ் அமைப்பும் 65 வயது தாண்டியவர்களுக்கு முழு மருத்துவப் பரிசோதனைக்குப் பின்பே சிறுநீர்த்தொற்று என்று முடிவு செய்ய வேண்டும் என 2015-இல் தரநிலை வகுத்தது. அந்நாட்டின் பாத் நகர்ப் பகுதி முதியோர் இல்லங்களில் பட்டையை விலக்கி அறிகுறிகளைக் கேட்டு முடிவெடுக்கும் திட்டம் நடைமுறைக்கு வந்தபின் ஆன்டிபயாடிக் பயன்பாடு குறைந்தது. சாதாரண மாத்திரைகளுக்கு அடங்காத கிருமிகள் பெருகிவிட்ட இந்தியாவில் இந்தப் பாடத்துக்கு மதிப்பு இன்னும் கூடுதல்.

விதிவிலக்கு உண்டு. கருவுற்ற பெண்ணின் சிறுநீரில் அறிகுறியற்ற கிருமி இருந்தாலும் சிகிச்சை வேண்டும். சிறுநீர்ப்பாதையில் காயம் உண்டாக்கும் அறுவைக்கு முன்பும் வேண்டும். இரண்டிலும் கல்ச்சரை வைத்தே முடிவெடுக்க வேண்டும். பட்டை அதற்கு ஈடாகாது.

பட்டைக்கு உரிய இடம்

இவ்வளவையும் படித்துவிட்டுப் பட்டையைத் தூக்கியெறிந்தால் அதுவும் பிழை. கர்ப்பிணிக்கு இரத்த அழுத்தம் ஏறும்போது சிறுநீரில் ஆல்புமின் தெரிகிறதா என்று ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே பார்க்க முடிவது பெரும் பேறு. ஒரு பிளஸ் வந்தால் புரத-கிரியாட்டினின் விகிதத்தால் உறுதிசெய்ய வேண்டும். பட்டையில் இல்லை என்பதற்காகத் தலைவலியோடும் ஏறிய அழுத்தத்தோடும் வந்தவரை வீட்டுக்கு அனுப்பிவிடக் கூடாது. திடீரெனச் சிறுநீரகம் செயலிழந்ததாகச் சந்தேகம் எழுந்தவுடனேயே பட்டை போட வேண்டும் என்று நைஸ் நெறிமுறை சொல்கிறது. இரத்தமும் புரதமும் சேர்ந்து மிகுந்திருந்தால் சிறுநீரக வடிகட்டியே அழற்சியில் இருக்கிறதா என்று அன்றே தேடத் தொடங்கலாம். எரிச்சலோடு வந்த இளம்பெண்ணுக்கு நைட்ரைட் தெரிந்தால் அது வலுவான சான்று. கதீட்டர் இல்லாதவருக்கு நைட்ரைட், வெள்ளையணு இரண்டும் இல்லையென்றால் காய்ச்சலுக்கு வேறு இடத்தில் காரணம் தேடலாம் என்ற நியாயமான நம்பிக்கை கிடைக்கிறது.

இந்த எல்லா இடங்களிலும் நோயாளியைப் பார்த்தபின் எழுந்த ஒரு சந்தேகம் முன்னால் நிற்கிறது. பட்டை அதற்கு விடை சொல்கிறது. பட்டை வழிதவறவைத்த இடங்களில் சந்தேகம் பின்னால் வந்தது.

வார்டுகள் செய்யக்கூடியது செலவில்லாதது. அட்மிஷன் ஆன எல்லாருக்கும் பட்டை போடும் வழக்கத்தை நிறுத்தலாம். சிறுநீர் கலங்கியிருக்கிறது, நாறுகிறது என்பதைச் சோதனைக்குக் காரணமாக ஏற்காமல் இருக்கலாம். கதீட்டர் நோயாளிக்குத் தொற்று என்று உண்மையாகவே சந்தேகித்தால், பையிலிருந்து எடுக்காமல், நாள்பட்ட குழாயை மாற்றிப் புதிய குழாயிலிருந்து எடுத்துக் கல்ச்சருக்கு அனுப்பலாம். முடிவு எழுதும் கட்டத்தின் மேலேயே நான்கு குறிப்புகளுக்கு இடம் விடலாம்: எப்போது பிடித்தது, எப்படிப் பிடித்தது, என்னென்ன மருந்து ஓடுகிறது, எதற்காகப் பார்க்கிறோம். முதல் மூன்றும் செவிலியருக்குத் தெரியும். நான்காவதை நிரப்ப வேண்டியவர் சோதனையைக் கேட்ட மருத்துவர். அதை அவரால் நிரப்ப முடியாவிட்டால், அந்த நோயாளிக்கு அன்று பட்டைச் சோதனை தேவையில்லை.